ஆப்பு, எண்ணெய், ஐஸ் புயல்: மரம் பிளக்கும் இயந்திரத்தின் கதை

பஞ்சதந்திரத்தில் வரும் ஆப்பிழுத்த குரங்கின் கதையைத் தமிழ்ப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். தச்சன் ஒருவன் பெரிய மரத்தைப் பாதிவரை பிளந்துவிட்டு, பிளவு மூடிவிடாமல் இருக்க ஓர் ஆப்பைச் செருகிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான். குரங்கொன்று வந்து பிளவின் மேல் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. மரம் மூடிக்கொள்கிறது, குரங்கு செத்துப்போகிறது. தனக்குச் சம்பந்தமில்லாத வேலையில் கைவைக்காதே என்பது வகுப்பில் சொல்லித்தரும் நீதி.

பொறியியல் படித்தவர்களுக்கு அந்தக் கதையில் இன்னொரு விடயமும் கண்ணில் படும். பிளந்த மரத்துக்குள் அவ்வளவு பெரிய விசை இருக்கிறது. அதை எதிர்த்து நிற்பது உள்ளங்கை அளவான ஒரு மரத்துண்டு.

மொன்றியலைவிட்டு ஒரு மணித்தியாலம் கார் ஓடினால், வீடுகளின் பின்வளவில் இந்த ஆப்பின் பேரப்பிள்ளையைப் பார்க்கலாம். நீளமான இரும்பு உத்தரம், ஒரு முனையில் கூர்மையான ஆப்பு, மறுமுனையில் எண்ணெயால் தள்ளப்படும் சிலிண்டர், பக்கத்தில் ஒரு சின்ன என்ஜின். கடையிலும் இது விற்கிறது. ஆனாலும் பலர் பழைய இரும்பையும் பழைய பம்பையும் தேடி எடுத்து, கராஜில் தாங்களே வெல்டிங் செய்து கட்டுகிறார்கள். அந்த இயந்திரத்துக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது, அதில் எங்களுக்கும் ஒரு பங்கு எப்படி வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோடாலியும் ஆப்பும்

மரத்தின் நார்கள் நீளப்பாட்டில் ஓடுகின்றன. குறுக்கே வெட்டுவது கடினம். ஆனால் நாருக்கும் நாருக்கும் இடையில் ஒரு முனையை நுழைத்துவிட்டால், அகலமான பின்பகுதி இரண்டு பக்கத்தையும் விலக்கித் தள்ள, மரம் தானாகவே கிழிந்து போகும். ஆப்பு முன்னோக்கிப் போகும் விசையைப் பக்கவாட்டு விசையாக மாற்றுகிறது. சாய்வு மெல்லியதாக இருந்தால் பக்கவாட்டு விசை இன்னும் கூடும், ஆனால் ஆப்பு அதிக தூரம் போகவேண்டி வரும்.

யாழ்ப்பாணத்தில் பனை, தென்னை மட்டைகள், பாளை, பன்னாடை, கொக்காரை, ஊமல் எல்லாம் அடுப்புக்குப் போய்விடும். இவற்றுக்குப் பெரிய கருவி தேவையில்லை. பெரிய குற்றிகளைப் பிளப்பதற்குக் கோடாலியோடு ஆள் வரவேண்டும். நாட்கூலிக்கு விறகு கொத்துவது முதுகை உடைக்கும் வேலை. சமூகம் அந்த வேலையை யாருடைய தலையில் கட்டியது என்பதும் வரலாறுதான். பழைய வாழ்க்கையை இனிமையாக நினைக்கும்போது, அந்த அடுப்பு எரிவதற்கு வியர்வை சிந்தியவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கியூபெக்கில் விறகு உயிரோடு சம்பந்தப்பட்ட பொருள். சனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்கு 20, 25 பாகை கீழே போகிற நாட்டில் நெருப்பு இல்லாத வீட்டில் மனிதன் தங்க முடியாது. துறுவா றிவியேர் நகருக்கு அருகில், 1730களில் தொடங்கிய சென் மோரிஸ் இரும்பு வார்ப்பாலை வார்ப்பிரும்பு அடுப்புகளைச் செய்து கொடுத்தது. அது 1883 வரை இயங்கியது. திறந்த கணப்பில் பெரும்பகுதி வெப்பம் புகைக்கூண்டு வழியாகப் போய்விடும். இரும்பு அடுப்பு அந்த வெப்பத்தை அறைக்குள் பிடித்து வைத்தது. அடுப்பின் வாயில் நுழையும் அளவுக்குச் சின்னதாக விறகைப் பிளக்க வேண்டியிருந்தது.

பாஸ்கல் கண்டதும் பிராமா செய்ததும்

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல் ஒரு விசித்திரமான உண்மையைக் கண்டார். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். இரண்டு சிலிண்டர்களை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றின் பிஸ்டனை மற்றதைவிட 100 மடங்கு பெரிதாகச் செய்தால், சின்னப் பிஸ்டனைத் தள்ளும் ஒரு மனிதன் பெரிய பிஸ்டனில் 100 மனிதரின் விசையைப் பெறுவான். இதை விளக்கும் அவருடைய நூல், அவர் 1662இல் இறந்த பிறகு, 1663இல் வெளிவந்தது.

விசை 100 மடங்கு கூடினால் நகரும் தூரம் 100 மடங்கு குறையும். ஆற்றலை இலவசமாக யாரும் தருவதில்லை. அந்தக் கணக்கு எந்த இயந்திரத்திலும் பிசகாது.

கருத்து இருந்தும் இயந்திரம் வர 130 வருடங்களுக்கு மேல் பிடித்தது. காரணம் மிகச் சாதாரணமானது: ஒழுக்கு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் வெளி இருந்தால் தண்ணீர் பீறிட்டு வெளியேறும். இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகராது. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து தச்சுவேலை பழகிய ஜோசப் பிராமா, 1795இல் ஹைட்ரோலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். ஒழுக்குக்குத் தீர்வாக அமைந்தது கிண்ணம்போல வளைத்த ஒரு தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அதே அழுத்தம் தோலின் விளிம்பைச் சிலிண்டர் சுவரோடு இன்னும் இறுக்கும். அழுத்தம் குறைந்தால் பிடி தானாகத் தளரும். பிராமாவின் பட்டறையில் வேலைசெய்த இளைஞர் ஹென்றி மோட்ஸ்லியின் யோசனை அது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய சிலிண்டர்களில் தோலுக்குப் பதிலாக றப்பர், பிளாஸ்ரிக் வளையங்கள் இருக்கின்றன. தத்துவம் மாறவில்லை.

பிராமாவின் முடிவும் மரத்தோடுதான் வந்தது. 1814இல் ஹோல்ற் காட்டில், தன்னுடைய ஹைட்ரோலிக் இயந்திரத்தால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது அவருக்குக் கடும் குளிர் பிடித்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. அந்த வருடம் டிசம்பரில் இறந்துபோனார்.

கராஜுக்குள் நடக்கும் கணக்கு

இனி எங்கள் மரம் பிளக்கும் இயந்திரத்துக்கு வருவோம். சிலிண்டரின் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். பம்பு ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 175 கிலோகிராம் அழுத்தம் தந்தால், மொத்த விசை ஏறத்தாழ 13.7 தொன். ஒரு பெரிய லொறியின் எடை முழுவதும் ஆப்பின் ஒரு கூரான விளிம்பில் ஏறி நிற்பதுபோல.

பிஸ்டன் 60 சென்ரிமீற்றர் நகர வேண்டுமானால் 4.7 லீற்றர் எண்ணெய் தேவை. நிமிடத்துக்கு 10 லீற்றர் தரும் பம்பு அதற்கு 28 செக்கன் எடுக்கும். குளிரில் நிற்பவருக்கு அது நீண்ட நேரம். 40 லீற்றர் தரும் பம்பு போட்டால் 7 செக்கனில் முடியும். ஆனால் அவ்வளவு எண்ணெயை முழு அழுத்தத்தில் தள்ளுவதற்குச் சின்ன என்ஜினுக்கு வலு போதாது.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பம்புக்குள் இரண்டு சோடிப் பற்சில்லுகள். தடை இல்லாதபோது இரண்டும் சேர்ந்து எண்ணெயைத் தள்ள, பிஸ்டன் வேகமாக ஓடும். ஆப்பு மரத்தில் முட்டி அழுத்தம் ஏறியதும் ஒரு வால்வு திறந்து, பெரிய சோடியைச் சுமையிலிருந்து விடுவிக்கும். சின்னச் சோடி மட்டும் மெதுவாக, ஆனால் முழு விசையோடு தள்ளும். மரம் பிளந்ததும் அழுத்தம் விழ, மறுபடியும் வேகம். சைக்கிளில் ஏற்றம் வந்ததும் கியர் மாற்றுகிறோமே, அதே வேலையை இது கணினி இல்லாமல், மின்சாரம்கூட இல்லாமல், ஒரு சுருள்வில்லின் உதவியோடு செய்கிறது.

வீட்டில் கட்டுபவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியதும் இந்த அழுத்தத்தைத்தான். ஆகக்கூடிய அழுத்தத்தைத் தாண்டினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. குழாயில் ஊசித்துவாரம் அளவு வெடிப்பு வந்தால், அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சிலவேளை கையையே இழக்க நேரும். அதனால் ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது, ஒரு மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆப்பிழுத்த குரங்கின் நீதி இங்கே சரியாகப் பொருந்தும்: உள்ளே அடங்கியிருக்கும் விசை எவ்வளவு என்று தெரியாமல் கைவைக்காதே.

வால்கூரின் கராஜ்

கராஜில் இயந்திரம் கட்டுவது கியூபெக்கின் பெருமைகளில் ஒன்று. மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள வால்கூர் ஊரில் 1907இல் பிறந்தவர் ஜோசப் ஆர்மோன் பொம்பார்டியே. 1922இல், 15 வயதில், பழைய ஃபோர்ட் கார் என்ஜினையும் மரத்தால் செய்த விமான விசிறியையும் சறுக்குவண்டியில் பூட்டிப் பனிமேல் ஓட்டினார். விசிறி திறந்தபடி சுழல்வதைக் கண்ட தகப்பன் அதை உடனே கழற்றச் சொன்னார். தகப்பன் சொன்னதும் சரிதான்.

1926இல் தன் கராஜைத் திறந்த பிறகும் அந்த யோசனையை அவர் விடவில்லை. 1934 பனிக்காலத்தில் அவருடைய 2 வயது மகன் நோய்வாய்ப்பட்டான். வீதிகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தான். பனிமேல் ஓடும் வண்டிக்கான சில்லும் பட்டியும் கொண்ட அமைப்புக்கு 1937இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1942இல் நிறுவனம் தொடங்கினார். 1959இல் ஸ்கி-டூ வந்தது. வால்கூரில் இன்று அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

1998 சனவரி

1960களுக்குப் பிறகு கியூபெக் மின்சார நாடாக மாறியது. 1963இல் தனியார் மின் நிறுவனங்களை அரசுக்குச் சொந்தமான ஹைட்ரோ கியூபெக் வாங்கியது. வடக்கே ஜேம்ஸ் குடாவில் பெரிய அணைகள் எழுந்தன. மின்சாரம் மலிவானதால், வீடுகளை மின்சாரத்தாலேயே சூடாக்குவது வழக்கமாயிற்று. விறகடுப்பு பலருக்குக் கோடைக் குடிலில் எரியும் அலங்காரப் பொருளானது.

1998 சனவரி 5ஆம் திகதியளவில் உறைமழை தொடங்கியது. தரையைத் தொட்டதும் மழை ஐஸாக உறையும். அடுத்தடுத்த நாட்களில் சில பகுதிகளில் 100 மில்லிமீற்றர்வரை அது பெய்தது. மரங்களும் கம்பிகளும் ஐஸின் பாரத்தால் முறிந்தன. ஏறத்தாழ 1,000 இரும்பு மின்கோபுரங்கள் சரிந்தன. உச்ச நேரத்தில் கியூபெக்கில் 14 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. அதாவது 30 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். சனவரி 9ஆம் திகதி மொன்றியலின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றது. இராணுவம் வந்தது. சென் இயசாந்த், கிரான்பி, சென் ஜோன் ஆகிய நகரங்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கறுப்பு முக்கோணம் என்று அழைத்தார்கள். அங்கே சில இடங்களில் ஒரு மாதத்துக்கும் மேலாக இருள் நீடித்தது.

விறகடுப்பு உள்ள வீடு அன்று ஊரின் நடுவீடாக மாறியது. மற்றப் பகுதிகளிலிருந்து லொறிகளில் விறகு வந்து இறங்கியது. அந்தக் குற்றிகளைப் பிளப்பதற்குக் கோடாலியும், பெற்றோலில் ஓடும் பிளக்கும் இயந்திரங்களும் வேண்டியிருந்தன. புயலில் விழுந்த மரங்கள் எங்கும் கிடந்தாலும், பச்சை விறகு உடனே எரியாது. பிளந்து அடுக்கி, ஒரு வருடமாவது காயவிட வேண்டும். முந்தின வருடம் யோசித்து அடுக்கி வைத்தவர்களின் விறகுதான் அந்த வாரம் எரிந்தது. வீட்டுக்குள் தவறான முறையில் சூடாக்கப் போய், காபன் மொனொக்சைட் நச்சுவாயுவால் இறந்தவர்களும் உண்டு.

இருட்டுக்குப் பழகியவர்கள்

அப்போது மொன்றியலில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை கோத் டெ நேஜ், பார்க் எக்ஸ்தான்சியோன் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்தன. அங்கே கராஜும் இல்லை, விறகடுப்பும் இல்லை. சுவரின் அடியில் மின்சூடாக்கி மட்டும்தான். மின்சாரம் போனால் அடைக்கல முகாமுக்கோ, மின்சாரம் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ போக வேண்டும்.

ஆனால் அவர்களில் பலருக்கு மின்சாரம் இல்லாத வாழ்க்கை புதிதாக இருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரும் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெய்க்கும் கொள்ளை விலை.

அந்த நிலையில் ஊர்ப் பட்டறைகள் ஒரு பொறியியல் கல்லூரிபோல இயங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி வைத்து, துளித்துளியாக எண்ணெய் குடிக்கும் விளக்குகள் செய்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எடுத்தவர்கள் இன்று உங்கள் மாமாவாகவோ சித்தியாகவோ உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கலாம்.

இரண்டு கட்டப் பம்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். தொடங்க ஒரு முறை, சுமை ஏறியதும் இன்னொரு முறை. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் என்ஜினும் அப்படி யோசித்தவர்களின் வேலைதான். பொம்பார்டியேக்கு அருங்காட்சியகம் உண்டு. பிராமாவுக்குக் காப்புரிமைப் பத்திரம் உண்டு. குடாநாட்டுப் பட்டறைக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களின் பெயர்கள்கூட எழுதப்படவில்லை.

புகை யாருக்கு?

விறகு நெருப்பைக் கொண்டாடி மட்டும் கட்டுரையை முடிக்க முடியாது. விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள்கள் நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்விடும். ஊரில் அந்தப் புகையைக் காலம் முழுவதும் குடித்தவர்கள் சமையலறையில் நின்ற பெண்கள். மொன்றியலில் பனிக்காலத்து நுண்துகள்களில் ஏறத்தாழ 39 வீதம் விறகு எரிப்பதால் வருகிறது என்று மாநகரம் கணக்கிட்டது. 2018 ஒக்டோபர் 1 முதல், மணித்தியாலத்துக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் அடுப்புகளை நகரில் பாவிக்க முடியாது. மின்சாரம் 3 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்குக்குப் பின்னால் 1998 நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. சாதாரண நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சு முக்கியம். மின்சாரம் போன நாளில் உயிர்வெப்பம் முக்கியம். இது வெறும் பழங்கதையும் இல்லை. 2023 ஏப்ரல் 5ஆம் திகதி வந்த ஐஸ் புயலில் கியூபெக்கில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விறகுக்கு இன்னொரு விதியும் உண்டு. சாம்பல் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு 2011இல் மொன்றியலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பிறகு ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டி வந்தது. வண்டின் புழு பட்டைக்குள் ஒளிந்திருக்கும். அதனால் விறகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. முகாமிடப் போகும்போது, வாங்கிய இடத்திலேயே விறகை எரித்துவிடுவது நல்லது.

நீங்கள் ஒருபோதும் மரம் பிளக்கும் இயந்திரம் கட்டாமல் இருக்கலாம். ஆனாலும் உங்களால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவரைக் கண்டுபிடித்து இவற்றைக் கேளுங்கள்: மோட்டார் சைக்கிளை யார் மாற்றித் தந்தார்? பட்டறை எந்தச் சந்தியில் இருந்தது? எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள், எதைச் சேர்த்தார்கள்? போனில் பதிவு செய்யுங்கள், படம் கீறச் சொல்லுங்கள், திகதி போட்டு எழுதி வையுங்கள். அந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது 50, 60, 70 வயது. அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.